வகுப்பின் லிங்குகள் தொலையாமல் இருக்க: கூட்டுப் புக்மார்க்கும் கிளவுட் கருவிகளும்

தவணைப் பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் இந்தக் கேள்வி தவறாமல் வரும்: "டீச்சர், அந்த ஒளித்தொகுப்பு வீடியோட லிங்க்கை இன்னொருக்காப் போடுவீங்களா?" லிங்க் அதே குழுவில்தான் கிடக்கிறது. ஆனால் பெற்றோர் கூட்ட அறிவித்தல், இல்ல விளையாட்டுப் போட்டிப் படங்கள், பிறந்தநாள் வாழ்த்துகள் எல்லாம் வந்து அதை எங்கோ மேலே தள்ளிவிட்டன. ஆசிரியர் தேடி எடுத்து மறுபடி போடுகிறார். அடுத்த வருடம் புதுப் பிள்ளைகள், புதுக் குழு. தேடல் முதலிலிருந்து தொடங்கும்.

கொழும்பில் தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் நல்ல இணைப்புகளைத் தேடுவதற்குச் செலவிடும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல. தமிழில், நமது பாடத்திட்டத்துக்கு ஒத்துவரும் பக்கங்கள் குறைவு. ஒன்று கிடைத்தால் அது அடுத்த வருடத்துக்கும் அடுத்த ஆசிரியருக்கும் போய்ச் சேர வேண்டும். அதற்கான ஏற்பாட்டைத்தான் இங்கே எழுதுகிறோம். வட்ஸ்அப்பை விடச் சொல்லவில்லை. அது அறிவிக்க நல்லது, சேமித்து வைக்க உதவாது.

எத்தனை கருவி?

மூன்று போதும். கோப்புகளுக்குக் கூகுள் டிரைவ். மாணவரிடமிருந்து இணைப்புகளை வாங்கக் கூகுள் படிவம், அதோடு சேர்ந்து வரும் ஷீட். தெரிந்தெடுத்த இணைப்புகளை வகைப்படுத்தி வைக்க ஒரு புக்மார்க் சேவை. இதற்கு மேல் பேட்லட், வேக்லட் என்று கூட்டிக்கொண்டே போனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல், ஒவ்வொன்றிலும் ஓர் இலவச வரம்பு. பாடவேளையின் பாதி லொகினிலேயே போய்விடும்.

உலாவியில் நட்சத்திரத்தை அழுத்திச் சேமிக்கும் புக்மார்க் அந்தக் கணினியோடு, அல்லது அந்த ஒருவரின் கணக்கோடு நின்றுவிடும். கூட்டுப் புக்மார்க்கில் ஒரே தொகுப்பில் பலர் சேர்க்கலாம், குறிச்சொல் (தேடி எடுக்க உதவும் வகைப்பெயர், டேக்) போடலாம், ஏன் சேர்த்தோம் என்று குறிப்பு எழுதலாம், பொது இணைப்பு ஒன்றைக் கொடுத்தால் கணக்கு இல்லாதவரும் பார்க்கலாம். 2003 இல் தொடங்கிய டெலிஷியஸ்தான் இந்த முறையைப் பரவலாக்கியது. 2005 இல் யாஹூ அதை வாங்கியது. 2011 இல் கைமாறியது. 2017 இல் மறுபடி கைமாறி, புதிதாக எதையும் சேமிக்க முடியாத நிலைக்கு வந்தது. இணைப்புகளைச் சேமிக்கும் மொசில்லாவின் பொக்கெட் சேவை 2025 ஜூலை 8 ஆம் திகதி மூடப்பட்டது. ஆகவே சேவை ஒன்றைத் தெரிவு செய்யுமுன் பார்க்க வேண்டிய முதல் விடயம், சேமித்த எல்லாவற்றையும் ஒரே கோப்பாக வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்பது. அழகு, வசதி எல்லாம் அதற்குப் பிறகு.

இன்றைக்கு நாங்கள் பரிந்துரைப்பது ரெயின்டிராப். இலவசக் கணக்கிலேயே இணைப்புகளுக்கும் தொகுப்புகளுக்கும் எண்ணிக்கை வரம்பில்லை, தொகுப்பைப் பிறரோடு பகிரலாம், சிஎஸ்வி (அட்டவணையை வெறும் எழுத்தாக வைக்கும்) கோப்பாக உள்ளே கொண்டுவரவும் வெளியே எடுக்கவும் முடியும். 2006 முதல் இருக்கும் டீகோ என்ற இன்னொரு புக்மார்க் சேவையின் பலம் வேறு: இணையப் பக்கத்தின் மேலேயே வரிகளை நிறமிட்டு, ஓரத்தில் ஒட்டுக்குறிப்பு எழுதலாம். உயர்தர மாணவர்களோடு ஒரு கட்டுரையை வரிவரியாக வாசிக்கும் பாடத்துக்கு அது அருமையானது. ஆனால் இலவசக் கணக்கில் வரம்பு உண்டு. வகுப்பின் முழுச் சேகரிப்பையும் அங்கே வைக்காதீர்கள்.

பாடசாலைக்கென ஒரு கணக்கு

ஆசிரியரின் சொந்த ஜிமெயிலில் இதைத் தொடங்க வேண்டாம். இடமாற்றம் வந்தால் சேகரிப்பும் அவரோடு போய்விடும். இடப் பிரச்சினையும் உண்டு: இலவசக் கணக்கின் 15 ஜிபி, மின்னஞ்சல், டிரைவ், படங்கள் மூன்றுக்கும் பொதுவானது. அன்ட்ரொய்ட் போனின் வட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதற்குள்தான் கணக்காகிறது. இடம் நிறைந்தால் டிரைவில் புதுக் கோப்பு ஏறாது, மின்னஞ்சலும் வந்து சேராது.

1. பாடசாலையின் சுருக்கப் பெயரும் பாடமும் சேர்ந்த புதிய ஜிமெயில் ஒன்றைத் திறவுங்கள். வருடத்தைப் பெயரில் சேர்க்காதீர்கள்.

2. மீட்பு எண்ணாக ஓர் ஆசிரியரின் போன், மீட்பு மின்னஞ்சலாக இன்னோர் ஆசிரியரின் முகவரி. ஒருவர் இல்லாவிட்டாலும் மற்றவரால் திறக்க முடிய வேண்டும்.

3. இரட்டைச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் முறை) இயக்கி, பேக்கப் குறியீடுகளை அச்செடுங்கள். ஒரு தொகுதியில் 10 குறியீடுகள், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒன்றை ஒரு தடவைதான் பாவிக்கலாம். அந்தத் தாள் அதிபர் அலுவலக அலுமாரியில் இருக்கட்டும்.

4. அதே மின்னஞ்சலால் ரெயின்டிராப் கணக்கைத் திறவுங்கள்.

இரண்டு வருடம் யாரும் திறக்காத தனிநபர் கணக்குகளைக் கூகுள் நீக்கிவிடலாம். தவணைக்கு ஒரு தடவையாவது உள்ளே போய் வரவேண்டும் என்று பொறுப்பாசிரியரின் நாட்குறிப்பில் எழுதி வையுங்கள். உங்கள் பாடசாலைக்குச் சொந்த இணையப் பெயர் இருந்தால் கூகுளின் இலவசக் கல்விப் பதிப்புக்கு விண்ணப்பிக்கலாம். அதில் மாணவர் கணக்குகளைப் பாடசாலையே உருவாக்கி, கடவுச்சொல்லை மாற்றி, விலகும்போது மூடலாம். அதைத் தொடர்ந்து நிருவகிக்க ஒரு தகவல் தொழினுட்ப ஆசிரியர் இருந்தால் மட்டும் இறங்குங்கள். கவனிப்பாரற்ற நிருவாகக் கணக்கு எல்லோரையும் வெளியே பூட்டிவிடும்.

பிள்ளைகளுக்குக் கணக்கு வேண்டுமா? தமது பெயரில் கூகுள் கணக்கு வைத்திருக்க 13 வயது ஆக வேண்டும். தரம் 6, 7 பிள்ளைகளில் பெரும்பாலோர் அதற்குக் கீழே. இந்தக் கட்டுரையில் பின்னர் வரும் படிவ முறையே அவர்களுக்குப் போதும். மேல் வகுப்புகளுக்குக் கணக்கு வேண்டுமென்றால் வீட்டிலே, பெற்றோரின் போனில் திறந்து வரச் சொல்லுங்கள். ஆய்வுகூடத்தில் ஒரே ரவுட்டரிலிருந்து 30 கணக்குகளைத் திறக்கப் பார்த்தால் கூகுள் தொலைபேசி எண் கேட்கும், ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஏற்க மறுக்கும், பாடவேளை அதோடு முடிந்துவிடும்.

குறிச்சொற்கள்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

வகுப்புச் சேகரிப்புகள் சில மாதங்களில் கைவிடப்படுவதற்கு ஒரு முக்கிய காரணம் ஒழுங்கில்லாத குறிச்சொற்கள். ஒருவர் "வீடியோ" என்கிறார், மற்றவர் "காணொளி", இன்னொருவர் "காணொலி". மூன்றும் மூன்று பெட்டி. ஒன்றைத் திறந்தால் மற்ற இரண்டும் தெரியாது.

முதல் இணைப்பைச் சேர்க்குமுன் குறிச்சொல் பட்டியலை எழுதி முடியுங்கள். ஓர் இணைப்புக்கு மூன்று வகைச் சொற்கள்: தரம், பாட அலகு, பொருளின் வகை. "தரம்11, ஒளித்தொகுப்பு, காணொளி" என்பதுபோல. வகைக்கு ஐந்தாறு சொற்கள் போதும்: காணொளி, வாசிப்பு, செயலட்டை, வினாத்தாள், உருவகப்படுத்தல் (சிமியுலேஷன்), படம். ஒரு பாடத்துக்கு மொத்தம் 25 சொற்களுக்கு மேல் போகவிடாதீர்கள். புதிய சொல் சேர்க்கும் உரிமை ஆசிரியருக்கு மட்டும். எண்ணுக்கும் எழுத்துக்கும் இடையே இடைவெளி விடாதீர்கள், டீகோ போன்ற சேவைகள் இடைவெளியில் சொல்லை இரண்டாக வெட்டிவிடும். இரண்டு சொல் தேவைப்பட்டால் நடுவில் அடிக்கோடு போடுங்கள்.

நமது பாடநூலின் சொல்லும் இணையத்தில் கிடைக்கும் சொல்லும் அடிக்கடி வேறுபடும். பாடநூலில் ஒளித்தொகுப்பு, தமிழ்நாட்டுப் பக்கங்களில் ஒளிச்சேர்க்கை. நமக்கு ஒட்சிசன், அங்கே ஆக்சிஜன். காபனீரொட்சைட்டு, இரசாயனவியல், பௌதிகவியல் ஆகியவற்றுக்கும் அங்கே வேறு சொற்கள். தேடும்போது இரண்டு சொல்லையும் போட்டுத் தேடுங்கள், இல்லாவிட்டால் நல்ல காணொளிகளில் பாதி கண்ணில் படாது. சேமிக்கும்போது குறிச்சொல் எப்போதும் பாடநூலின் சொல்லாக இருக்கட்டும். அந்தப் பக்கத்தில் வரும் சொல்லைக் குறிப்பில் எழுதுங்கள்: "இதில் ஒளிச்சேர்க்கை என்று சொல்வார். விடைத்தாளில் ஒளித்தொகுப்பு என்றே எழுதவும்." பிள்ளைக்கு எச்சரிக்கையும் ஆயிற்று, தேடினால் அகப்படவும் செய்யும்.

அடுத்த சிக்கல் கண்ணுக்கே தெரியாது. "பௌதிகவியல்" என்பதன் முதலெழுத்தைச் சிலர் ஔகாரக் குறியோடு சரியாக அடிப்பார்கள். சிலர் "பெ" அடித்து அதன் பக்கத்தில் "ள" அடிப்பார்கள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும், கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். "கொ", "கோ" போன்றவற்றிலும் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடிக்கும் பழைய விசைப்பலகைகள் இதே வேலையைச் செய்யும். ஒரே குறிச்சொல் பட்டியலில் இரண்டு முறை தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். தீர்வு இலகு: குறிச்சொல்லை யாரும் கையால் அடிக்க வேண்டாம். படிவத்தில் தெரிவுப் பட்டியலாகக் கொடுத்துவிடுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

முதல் நாளிலேயே ஆசிரியர் பத்துப் பன்னிரண்டு இணைப்புகளைப் போட்டுவைக்க வேண்டும். வெறும் தொகுப்பைக் கொடுத்து "நிரப்புங்கள்" என்றால் தேடலில் முதலில் வருவதெல்லாம் உள்ளே வந்து விழும். பாடநூல்களுக்குக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளம், பாடத்திட்டத்துக்கும் ஆசிரியர் வழிகாட்டிக்கும் மகரகம தேசிய கல்வி நிறுவகத்தின் தளம், மூன்று மொழிகளிலும் இருக்கும் கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான ஈ-தக்சலாவ. ஈழத்துப் பழைய நூல்கள், இதழ்கள், மலர்கள் வேண்டுமென்றால் 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம். தமிழ் இலக்கியமும் வரலாறும் கற்பிப்பவர்களுக்கு அதற்கு ஈடில்லை. விஞ்ஞானத்துக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் உருவகப்படுத்தல்கள். பல தமிழிலேயே கிடைக்கின்றன, ஒவ்வொன்றையும் ஒரே கோப்பாக இறக்கி இணையம் இல்லாமலும் ஓட்டலாம்.

அரச தளங்களில் ஒரு பிடிஎஃப் கோப்பின் நேரடி முகவரியைச் சேமிக்காதீர்கள். தளத்தைப் புதுப்பிக்கும்போது அந்த முகவரி மாறி, "பக்கம் இல்லை" என்று வரும். கோப்பு பட்டியலிடப்பட்டுள்ள பக்கத்தைச் சேமித்து, எதை அழுத்த வேண்டும் என்று குறிப்பில் எழுதுங்கள். முக்கியமான பக்கமென்றால் இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒரு பிரதி எடுத்து அந்த முகவரியையும் குறிப்பில் ஒட்டுங்கள். யூடியூப் காணொளி நீளமென்றால் ஷெயார் பெட்டியில் "ஸ்டார்ட் அட்" என்பதைத் தெரிவு செய்து, பாடத்துக்கு வேண்டிய நிமிடத்திலிருந்து தொடங்கும் இணைப்பை எடுங்கள். 25 நிமிடக் காணொளியில் தேவை 4 நிமிடமாக இருக்கும்போது மிச்சம் 21 நிமிட டேட்டா யாருடைய பணம்?

மாணவரிடமிருந்து வாங்கும் படிவம்

கேள்விகள் ஆறு. குழு எண், இணைப்பு, பக்கத்தின் தலைப்பு, எழுதியவர் அல்லது வெளியிட்டவர், குறிச்சொல், இரண்டு வரிக் குறிப்பு. குறிச்சொல்லைக் கட்டங்களில் தெரிவு செய்யும் வகையாக வையுங்கள். இணைப்புக் கேள்விக்கு விடைச் சரிபார்ப்பில் "யூஆர்எல்" வகையைத் தெரிவு செய்யுங்கள். அப்போது "யூடியூப்ல இருக்கு" என்று எழுதிவிட்டுப் போக முடியாது.

குறிப்புக் கேள்விக்குக் குறைந்தபட்ச நீளம் வையுங்கள். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும் என்பதால் தமிழில் எண்ணிக்கை வேகமாக ஏறும். 120 என்று வைத்தால் ஏறத்தாழ இரண்டு வரி வரும். 50 என்று வைத்தால் "மிகவும் பயனுள்ள இணையத்தளம்" என்பதற்குக் கொஞ்சம் மேலே எழுதி அனுப்பிவிடுவார்கள்.

இந்த முழு ஏற்பாட்டின் பெறுமதியும் அந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது. இணைப்பைச் சேமிக்க ஒரு விநாடி போதும். அதில் என்ன இருக்கிறது, எந்தக் கேள்விக்குப் பயன்படும், எதை நம்பக்கூடாது என்று எழுத, பிள்ளை அந்தப் பக்கத்தை உண்மையாகவே வாசித்திருக்க வேண்டும். மதிப்பெண் கொடுக்கும்போது இணைப்புக்கு 1, குறிப்புக்கு 4 என்று பிரியுங்கள்.

அமைப்புகளில் "ஒரே ஒரு பதில்" என்பதை அணைத்து வையுங்கள், மின்னஞ்சல் சேகரிப்பையும் அணையுங்கள், கோப்பு ஏற்றும் கேள்வி எதையும் சேர்க்காதீர்கள். இவற்றில் சில இருந்தாலே லொகின் கேட்கும், கணக்கில்லாத பிள்ளை வாசலிலேயே நின்றுவிடும்.

வந்த பதில்களை ஷீட்டில் பார்த்து, தேறியவற்றைப் புதிய தாளுக்கு மாற்றுங்கள். ஒரே யூடியூப் காணொளி சுருக்க முகவரி, மொபைல் முகவரி, முழு முகவரி என்று மூன்று வடிவில் வரும், ஷீட்டின் இரட்டை நீக்கி அவற்றை ஒன்றென்று அறியாது. தலைப்பின்படி அடுக்கினால் கண்ணால் பிடிக்கலாம். பிறகு முதல் வரிசைக்கு ரெயின்டிராப் கேட்கும் யூஆர்எல், டைட்டில், நோட், டேக்ஸ் என்ற ஆங்கிலத் தலைப்புகளை இட்டு, சிஎஸ்வியாக இறக்கி, அப்படியே ரெயின்டிராப்பில் ஏற்றுங்கள். நடுவில் அந்தக் கோப்பை எக்செலில் திறந்து சேமிக்காதீர்கள். தமிழ் எழுத்துகள் சிதைந்துபோகலாம்.

ஒரு மாதிரிப் பாடம்: கொழும்பின் ஈரநிலங்கள்

2018 இல், ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ரம்சாரின் கீழ், உலகின் முதல் 18 ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பு ஏற்கப்பட்டது. வெள்ளவத்தைக் கால்வாயைத் தாண்டிப் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளுக்கும், 2016 மே வெள்ளத்தை வீட்டில் பேசிக் கேட்ட பிள்ளைகளுக்கும் இது கைக்கெட்டும் விடயம். தரம் 9 அல்லது 10 புவியியலுக்கு நன்றாகப் பொருந்தும். மூன்று பாடவேளையும் ஒரு வீட்டு வேலையும் போதும்.

முதற் பாடவேளையில் கணினி வேண்டாம். 40 பேரென்றால் ஐந்து ஐந்து பேராக எட்டுக் குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கேள்வி: வெள்ளநீர் எங்கே தேங்குகிறது, பெத்தகான ஈரநிலப் பூங்காவில் எந்தப் பறவைகளைக் காணலாம், கால்வாய்கள் எங்கே தொடங்கிக் கடலில் எங்கே சேர்கின்றன, நிலம் நிரப்பப்படுவதால் என்ன நடக்கிறது என்பதுபோல. கேள்வி குறுகியதாக இருக்க வேண்டும். "ஈரநிலங்கள் பற்றித் தேடுக" என்று விட்டால் எட்டுக் குழுவும் ஒரே விக்கிப்பீடியாப் பக்கத்தைக் கொண்டுவரும்.

பிறகு கரும்பலகையில் இரண்டு குறிப்புகளை எழுதுங்கள். ஒன்று: "கொழும்பு ஈரநிலங்கள் பற்றிய சிறந்த பக்கம், அனைவருக்கும் பயன்படும்." மற்றது: "பூங்காவின் வரைபடம் தெளிவாக உள்ளது, பறவைகளின் பெயர்கள் ஆங்கிலத்தில் மட்டும். வெள்ளம் பற்றி ஒன்றும் இல்லை. எழுதப்பட்ட திகதி தரப்படவில்லை." எதை வைத்துக்கொண்டு பரீட்சைக்கு முதல்நாள் படிக்கலாம் என்று கேளுங்கள், பிள்ளைகளே விளக்குவார்கள்.

வீட்டு வேலை: குழுவுக்கு நான்கு இணைப்புகள், படிவத்தின் வழியாக. நான்கில் ஒன்றாவது அரச அல்லது பல்கலைக்கழகத் தளம், ஒன்று செய்தி, ஒன்று படம் அல்லது வரைபடம். மொத்தம் 32 வரும்.

இரண்டாம் பாடவேளை ஆய்வுகூடத்தில். ஒவ்வொரு குழுவும் இன்னொரு குழுவின் நான்கு இணைப்புகளைத் திறந்து, குறிப்பில் சொன்னது பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் வைக்கலாம், இல்லாவிட்டால் நீக்கச் சொல்லிக் காரணம் எழுத வேண்டும். 32 இல் 12 தேறினால் நல்ல அறுவடை. மூன்றாம் பாடவேளையில் அந்த 12 ஐ மட்டும் வைத்துக் குழுக்கள் ஒரு பக்கக் கட்டுரை எழுதும், கூகுள் டொக்ஸில், குழுவுக்கு ஓர் ஆவணம். 40 பேரையும் ஒரே ஆவணத்தில் இறக்கினால் பழைய கணினிகள் எழுத்தை ஒவ்வொன்றாக யோசித்து யோசித்துக் காட்டும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிப்பார்.

எட்டு ஆவணங்களைப் பகிர ஒரு குறுக்குவழி: மாதிரி ஆவணத்தின் இணைப்பின் கடைசியில் வரும் "எடிட்" என்ற ஆங்கிலச் சொல்லையும் அதன் பிறகு வருவதையும் அழித்து, "கொப்பி" என்று ஆங்கிலத்தில் அடித்து அனுப்புங்கள். கூகுள் கணக்கோடு திறப்பவருக்கு நேரே தன் பிரதி கிடைக்கும், மூல ஆவணம் கெடாது.

யார் எழுதினார் என்பதை வேர்ஷன் ஹிஸ்டரி காட்டும், ஆனால் லொகின் செய்து எழுதியவர்களை மட்டும். லொகின் இல்லாமல் வந்து எழுதியவர் யாரென்று அதில் தெரியாது. கணக்கில்லாத வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தன் பத்தியின் முன்னே பெயரின் முதலெழுத்தைப் போடட்டும்.

ஆய்வுகூடத்தில் எது குழப்பும்?

பாடத்துக்கு முதல்நாளே போய் எல்லாக் கணினிகளையும் திறந்து பாருங்கள். கூகுள் திறக்காமல் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று வந்தால் முதலில் கீழ் மூலையில் இருக்கும் கடிகாரத்தைப் பாருங்கள். திகதி பத்து வருடம் பின்னால் நிற்கும். தாய்ப்பலகையின் பட்டன் பற்றரி இறந்துவிட்டது, இணையத்தில் ஒரு பிழையும் இல்லை. திகதியைத் திருத்தினால் அன்றைக்கு வேலை செய்யும், கணினியை நிற்பாட்டினால் மறுபடி பின்னுக்குப் போகும். சிஆர்2032 பற்றரி ஒன்றை மாற்றிவிட்டால் தீர்ந்தது. புறக்கோட்டையில் மணிக்கூடு திருத்தும் கடையிலும் கிடைக்கும்.

அடுத்தது வேகம். யூடியூபின் 480பி தரத்துக்கு ஒரு கணினிக்கு விநாடிக்கு ஏறத்தாழ 1.1 மெகாபிட் வேண்டும். 20 கணினி ஒன்றாக ஓடினால் 22. ஒரே 4ஜி ரவுட்டர் பாடசாலை நேரத்தில் இதைத் தாங்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். காணொளியை ஆசிரியர் புரொஜெக்டரில் ஒரு தடவை காட்டட்டும், கணினிகளில் வாசிப்புப் பக்கங்களை மட்டும் திறக்கட்டும். பிடிஎஃப்புக்கும் இதே கணக்கு: 5 எம்பி கோப்பை 40 பேர் இறக்கினால் 200 எம்பி. முதல்நாளே பென் டிரைவில் கொண்டுபோய் ஒவ்வொரு கணினியிலும் போட்டுவிடுங்கள்.

பொதுக் கணினியில் குரோமின் கெஸ்ட் சாளரத்தையே பயன்படுத்தச் சொல்லுங்கள். மூடியதும் லொகின், வரலாறு ஒன்றும் மிஞ்சாது. ரெயின்டிராப்பின் உலாவி நீட்சி (எக்ஸ்டென்ஷன்) அந்தச் சாளரத்தில் வேலை செய்யாது. படிவ முறையை விரும்புவதற்கு இது இன்னொரு காரணம். மாணவர் போன் பாடசாலைக்குள் வராது என்பதால், போனுக்கு வரும் குறியீட்டைக் கேட்கும் கணக்குகள் ஆய்வுகூடத்தில் திறவா. அந்தப் பிள்ளைகள் பேக்கப் குறியீடு ஒன்றைக் கொப்பியின் உள்ளட்டையில் எழுதாமல், தனித்தாளில் வீட்டிலிருந்து கொண்டுவந்து, பாவித்ததும் கிழித்துவிடட்டும்.

வீட்டில் திறக்க: வகுப்புத் தொகுப்பின் பொது இணைப்பைக் குரோமில் திறந்து கியூஆர் குறியை உருவாக்கி, ஒரு ஏ4 தாளில் பன்னிரண்டாக அச்சிட்டு வெட்டிக் கொப்பியில் ஒட்டவையுங்கள். முகவரியை எழுதிக்கொடுத்தால் ஓர் எழுத்துப் பிழையில் பத்துப் பேர் திரும்பிவந்து கேட்பார்கள்.

பாமினியில் இருக்கும் பழைய வினாத்தாள்கள்

நமது பாடசாலைகளில் இருக்கும் வினாத்தாள்கள், செயலட்டைகளில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் அடித்தவை. டிரைவில் ஏற்றி டொக்ஸில் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். தேடினாலும் அகப்படாது. எழுத்துருவை மாற்றிப் பார்ப்பதால் பயனில்லை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு.

முழுக் கோப்பையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். நடுவில் இருக்கும் ஆங்கிலச் சொற்கள், கணிதக் குறிகள், மாறிகள் எல்லாவற்றையும் அந்த மாற்றிக் கருவி தமிழென்று எண்ணித் தமிழெழுத்துகளாக்கிவிடும். பாமினி சில நிறுத்தக்குறி விசைகளையும் தமிழ் எழுத்துக்குப் பயன்படுத்துவதால் நிறுத்தக்குறிகளும் குழம்பும். கேள்வி கேள்வியாக மாற்றி, மூலத்தின் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல்தேர்வு விடைகளில் ஓர் எழுத்து மாறினாலும் சரியான விடை பிழையாகிவிடும். அவசரமென்றால் பிடிஎஃப்பாக மாற்றி அப்படியே ஏற்றி, தலைப்பையும் குறிச்சொல்லையும் யுனிகோடில் எழுதிவிடுங்கள். உள்ளே தேட முடியாவிட்டாலும் கோப்பு கிடைக்கும்.

யார் பார்க்கலாம்?

"லிங்க் உள்ள எவரும்" என்று பகிர்ந்த கோப்பு, அந்த லிங்க் போகும் இடமெல்லாம் போகும். பாடக் குறிப்புகளுக்கு அது சரி, "வியூவர்" உரிமையோடு. புள்ளிப் பட்டியல், பிறந்த திகதி, பெற்றோர் எண், பிள்ளைகளின் படங்கள் எதையும் அப்படிப் பகிரவே கூடாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஒரு பிள்ளையின் புள்ளி மற்றப் பிள்ளையின் போனில் இருக்கத் தேவையில்லை. புக்மார்க் தொகுப்பின் பொதுப் பக்கத்திலும் மாணவர் பெயர் வரக்கூடாது. குழு எண் போதும்.

டிரைவில் இரண்டு கோப்புறைகள் வைத்தால் குழப்பம் குறையும்: ஒன்று வகுப்புக்கு, மற்றது ஆசிரியருக்கு மட்டும். பகிர்வை கோப்புறை மட்டத்தில் வைத்து, கோப்புக்குக் கோப்பு உரிமை மாற்றாதீர்கள். ஆறு மாதம் கழித்து எது யாருக்குத் திறந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

மூன்றாம் தவணை முடிந்ததும்

ஓர் ஆசிரியருக்கு ஒரு பின்னேரம் போதும். தொகுப்பில் உள்ள எல்லா இணைப்புகளையும் ஒருமுறை அழுத்திப் பார்த்துத் திறக்காதவற்றை நீக்குங்கள். பிள்ளைகள் உண்மையில் பயன்படுத்தியவற்றுக்கு "சிறந்தது" என்ற குறிச்சொல்லைச் சேருங்கள், அடுத்த வருடம் ஆரம்பிக்க வேண்டியது அங்கிருந்துதான். படிவத்தின் ஷீட்டிலுள்ள மாணவர் விபரங்களை அழியுங்கள், குறிப்புகளை வைத்திருங்கள். தொகுப்பை ஒரு தடவை எச்டிஎம்எல் ஆகவும் ஒரு தடவை சிஎஸ்வி ஆகவும் வெளியே எடுத்து, வருடத்தைக் கோப்பின் பெயரில் எழுதி, டிரைவில் ஒன்றும் பென் டிரைவில் ஒன்றுமாக வையுங்கள். எச்டிஎம்எல் கோப்பை எந்த உலாவியிலும் நேரே திறக்கலாம், வேறு சேவைக்கு மாறினால் அங்கேயும் ஏற்றலாம்.

ஆசிரியர் மாறிப் போகிறார் என்றால் மீட்பு எண்ணையும் மின்னஞ்சலையும் புதியவருடையதாக மாற்றி, கடவுச்சொல்லை மாற்றி, பேக்கப் குறியீடுகளைப் புதிதாக எடுத்து அலுமாரித் தாளை மாற்றுங்கள். அவருடைய சொந்தக் கணக்கில் உருவான கோப்புகள் இருந்தால் உரிமையைப் பாடசாலைக் கணக்குக்கு மாற்றக் கோரிக்கை அனுப்பச் சொல்லி, மறுபக்கத்தில் அதை ஏற்றுக்கொண்டதை உறுதி செய்யுங்கள். இரண்டும் சாதாரண ஜிமெயில் கணக்குகளாக இருந்தால்தான் இது நடக்கும். ஒன்று கல்விப் பதிப்புக் கணக்கென்றால் உரிமை மாறாது, பிரதி எடுத்துத்தான் வைக்க வேண்டும்.